ஆயில் பேஸ்டலில் வண்ணக் காடு: கலர் ஏன் சேறாகிறது?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். பேத்தி லீவு முடிந்து ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன 25 கலர் ஆயில் பேஸ்டல் பெட்டி கையில் இருக்கிறது. வீடியோக்களில் பார்க்கிற மாதிரி சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக ஒரு காடு வரைய ஆசை. வரைந்தால் எல்லா நிறமும் ஒன்றாகிச் சேற்று நிறத்தில் போய் நிற்கிறது. வெயிலில் குச்சி வேறு கையில் பிசுபிசுக்கிறது. பெட்டி சரியில்லையா, கை சரியில்லையா என்று கேட்டுவிட்டு, கடைசியில் இன்னொன்றும் கேட்கிறார்: இந்த வறண்ட சீமையில் எந்தக் காட்டைப் பார்த்து வரைவது?

ஆச்சி, பெட்டி மேல் குறை சொல்ல வேண்டாம். கையும் நன்றாகத்தான் இருக்கிறது. தேய்க்கிற அந்த ஒரு விரல்தான் காரியத்தைக் கெடுக்கிறது. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். ஆயில் பேஸ்டல் என்றாலே பூசு, தேய், மறுபடி பூசு, தேய் என்றுதான் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். சூரியன் மறைகிற வானம் வரைய அது போதும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் அண்டை நிறங்கள், எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. காட்டில் கதை வேறு. அங்கே பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு நிற்கும், மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா நிற்கும், ஆரஞ்சுக்குப் பின்னால் நீலம் எட்டிப் பார்க்கும். மூன்றும் எதிரெதிர் ஜோடிகள். பக்கத்தில் நிற்கும்வரை ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். விரலால் இழுத்துக் கலந்தால் பழுப்பு வரும், இல்லையென்றால் சாம்பல் வரும். நீங்கள் சொல்கிற சேறு அதுதான்.

உங்கள் வீட்டுத் தரையையே கொஞ்சம் பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் அவ்வளவு பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் உண்டு. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். ஒன்று இன்னொன்றில் போய் விழாது. அவற்றைச் சேர்த்துப் பார்க்கிற வேலையைத் தூரத்தில் நிற்கிற நம் கண் செய்கிறது. காட்டுக்கும் இதே கணக்குதான்: அண்டை நிறங்களைத் தேய்க்கலாம், எதிர் நிறங்களைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

குச்சிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். வண்ணப் பொடி, மெழுகு, அதோடு காயாத ஓர் எண்ணெய். ஆயில் பெயின்டில் சேர்க்கிற ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டு நாளடைவில் இறுகிவிடும். பேஸ்டலில் இருக்கிற கனிம எண்ணெய் இறுகவே இறுகாது. நேற்று பூசிய மஞ்சள் மேல் இன்று கருநீலத்தை வைத்தாலும், கீழே இருக்கிற மஞ்சள் இளகிக் கிளம்பி வந்து நீலத்தோடு கலக்கும். 'காயட்டும், அப்புறம் மேலே பூசிக்கொள்ளலாம்' என்கிற வாட்டர் கலர் யோசனை இங்கே எடுபடாது. எந்த நிறம் முதலில், எது பிறகு என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

வெயிலில் பிசுபிசுப்பதும் இந்த மெழுகாலும் எண்ணெயாலும்தான். இது புதுப் பிரச்சினையும் இல்லை. ஆயில் பேஸ்டல் பிறந்தது ஜப்பானில். பிள்ளைகள் மாதிரிப் படத்தைப் பார்த்துக் காப்பியடிக்காமல் மனம்போல வரையட்டும் என்று யமமோட்டோ கனாயே என்ற ஓவியர் அங்கே ஓர் இயக்கமே நடத்தினார். அந்தக் காற்றில்தான் சகுரா கம்பெனி 1925இல் 'கிரே-பாஸ்' என்று இதைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் கோடைக்குக் கெட்டியாக ஒன்று, குளிர்காலத்துக்கு இளக்கமாக ஒன்று என்று இரண்டு வகை செய்திருக்கிறார்கள். நம் சித்திரை வெயிலைப் பார்த்திருந்தால் மூன்றாவதாக ஒன்றும் செய்திருப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. பெட்டியை ஒரு டப்பாவில் போட்டு மூடி, வரைய உட்காரும் முன் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், குச்சி ஒடியும். உட்காருவதற்கு வளவில் தூணோரம் நல்ல இடம். முற்றத்து வெளிச்சம் கிடைக்கும், வெயில் நேராக விழாது. டியூப் லைட்டில் வரைந்தால் மஞ்சள் ஒரு மாதிரியும் பகலில் ஒரு மாதிரியும் தெரியும், அதனால் பகல்தான் சரி.

25 கலர் தாராளம். கேமல், டாம்ஸ், ஃபேபர் காஸ்டல் என்று கடையில் கிடைக்கிற எதுவும் கற்றுக்கொள்ளப் போதும். ஹென்றி கெட்ஸ் என்ற ஓவியர் பிக்காசோவுக்காகக் கேட்டுக்கொண்டதன் பேரில் பாரிஸில் செனெலியே கம்பெனி 1949இல் தயாரித்த வெண்ணெய்ப் பதக் குச்சிகள் இன்றும் விற்கின்றன. விலையைக் கேட்டால் நமக்குக் காடே வேண்டாம் என்று தோன்றிவிடும். காசு செலவழிக்க வேண்டுமானால் பேப்பரில் செலவழியுங்கள். வழவழப்பான சார்ட் பேப்பரில் இரண்டாவது பூச்சே வழுக்கும். கொஞ்சம் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் பேப்பர், 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற எடைக் கணக்கு) அல்லது அதற்கு மேல் கேட்டு வாங்குங்கள். அந்தச் சொரசொரப்புதான் வண்ணத்தைப் பிடித்து வைக்கிறது. பள்ளங்கள் நிரம்பிவிட்டால் அப்புறம் எதைப் பூசினாலும் குச்சி வெறுமனே சறுக்கும்.

காட்டுக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள், இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். ஒரு துண்டுப் பேப்பரில் நான்கு கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் எலுமிச்சை மஞ்சள், இரண்டாவதில் ஆரஞ்சு, மூன்றாவதில் வான நீலம், நான்காவதில் ஊதா என்று லேசாகப் பூசுங்கள். பேப்பரின் வெள்ளைப் புள்ளிகள் இடையிடையே தெரிகிற அளவு அழுத்தினால் போதும். இப்போது நான்கின் மேலும் ஒரே இலைப்பச்சையைச் சின்னச் சின்னக் கீறலாகப் போடுங்கள். தேய்க்காதீர்கள். மஞ்சள் மேல் போட்ட பச்சை தளிராகத் தெரியும். ஆரஞ்சு மேல் போட்டது காய்ந்த ஓலைப் பச்சையாக மங்கும். நீலத்தின் மேல் குளிர்ந்து தூரத்துக்குப் போகும். ஊதா மேல் நிழலுக்குள் பதுங்கிவிடும். ஒரே குச்சியில் நான்கு பச்சை. பெட்டியில் பச்சை மூன்றே மூன்று இருந்தாலும் கவலைப்பட வேண்டாம் என்பது இதில் கண்கூடாகத் தெரிந்துவிடும். நான்காவது கட்டத்தில் மட்டும் பாதியை விரலால் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த பாதி செத்துப்போயிருக்கும்.

சரி, படத்துக்கு வருவோம். பேப்பரை ஓர் அட்டையில் வைத்து நாலு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முதல் படம் போஸ்ட் கார்டு அளவில் இருந்தாலே நல்லது. பென்சிலில் மரம் மரமாக வரையவேண்டிய தேவை இல்லை, காரீயம் மஞ்சளில் கலந்து அழுக்காகும். நடுவிலிருந்து சற்று இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளி, காட்டுக்குள்ளிருந்து வெளிச்சம் வருகிற இடம் ஒன்றைத் தீர்மானியுங்கள். ஒரு எலுமிச்சம்பழ அளவு இடம். அங்கே வெள்ளையும் எலுமிச்சை மஞ்சளும் மட்டும். இந்த ஒரு இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் விரலால் தேய்க்கலாம், ஏனென்றால் கெடுவதற்கு அங்கே வேறு நிறமே இல்லை. அதைச் சுற்றி வட்டமாக இளம்பச்சை, அப்புறம் ஆரஞ்சும் ரோஸும் அங்கங்கே, அதற்கு வெளியே இலைப்பச்சை, ஓரத்துக்குப் போகப் போகக் கரும்பச்சையும் கருநீலமும். குச்சியின் காகித உறையை உரித்துவிட்டுப் படுக்க வைத்துப் பூசினால் மெல்லிய பூச்சு சீக்கிரம் முடியும். முதல் சுற்று முழுக்க லேசான கைதான்.

வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம், அடர் நிறம் வெளிர்க் குச்சியின் முனையில் ஒட்டிக்கொள்ளும். கருநீலத்தின் மேல் ஒருமுறை மஞ்சளை வைத்துவிட்டு அதே முனையோடு வெளிச்சத்துக்குப் போனால் அங்கே பச்சைக் கோடு விழும். பக்கத்தில் ஒரு பழைய துணியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் முனையைத் துடையுங்கள். இந்தத் துணி வைக்கிற பழக்கம் வந்தாலே சேறு பாதி குறைந்துவிடும்.

அடுத்தது மரத்தண்டு. வண்ணக் காடு வரைகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எல்லாத் தண்டையும் ஒரே பிரவுன், ஒரே தடிமன், ஒரே இடைவெளியில் போட்டு வேலி கட்டிவிடுகிறார்கள். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தூரத்து மரங்கள் குச்சியின் விளிம்பால் இழுத்த மெல்லிய கோடுகளாக, வெளிர் ஊதாவிலோ நீலச் சாம்பலிலோ இருக்கட்டும். தூரம் போகப் போக நிறம் வெளுத்து நீலமாவது பிரான்மலையைத் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பார்த்தாலே தெரியும். கிட்டே போனால் பச்சை, எட்ட நின்றால் நீலம். முன்னால் நிற்கிற இரண்டு மூன்று மரங்களைத் தடிமனாக, பேப்பரின் மேல் விளிம்பைத் தாண்டிப் போகிற மாதிரி போடுங்கள். உச்சி தெரியக் கூடாது. உச்சி தெரிந்தால் நாம் காட்டுக்கு வெளியே நிற்கிறோம் என்று ஆகிவிடும். கறுப்பை உடனே எடுக்காதீர்கள். கருநீலம் ஒரு கோடு, அரக்கு ஒரு கோடு, கரும்பச்சை ஒரு கோடு என்று பக்கம் பக்கமாக இழுத்தால் கறுப்பை விட ஆழமான இருட்டு வரும். வெளிச்சம் பார்த்த பக்கத்தில் ஆரஞ்சில் ஒரே ஒரு அழுத்தமான கோடு. அந்தக் கோடு விழுந்ததும் தண்டு உருண்டுவிடும்.

இலைக்குக் குச்சியை நிமிர்த்திப் பிடித்துக் குட்டிக் குட்டியாக ஒற்றுங்கள். ஒரே திசையில் ஒற்றினால் மழை பெய்கிற மாதிரி ஆகிவிடும், கையைத் திருப்பித் திருப்பி ஒற்ற வேண்டும். இந்தக் கடைசிச் சுற்றில் மட்டும் நன்றாக அழுத்தலாம். அழுத்தினால்தான் வண்ணம் தடிப்பாக, தொட்டால் கையில் தட்டுப்படுகிற அளவு நிற்கும். அதன் பிறகு விரல் அந்தப் பக்கமே போகக் கூடாது. அரிக்கிறது என்றால் எழுந்து போய்க் காப்பி போடுங்கள்.

ஓரிடம் ஏற்கெனவே சேறாகிவிட்டதா? மேலே மேலே பூசி மீட்க முடியாது. பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் அந்த இடத்தை மெதுவாக வழித்து எடுத்துவிட்டு, டிஷ்யூவால் ஒற்றி, மறுபடி வெளிர் நிறத்திலிருந்து ஆரம்பியுங்கள். பேப்பரில் லேசாகக் கறை நிற்கும், அது நிழலாகப் பயன்படும். சிலர் பட்ஸில் பேபி ஆயில் தொட்டுத் தேய்த்துக் கரைக்கிறார்கள். வானத்துக்கும் தண்ணீருக்கும் அது அழகாகத்தான் வரும். எண்ணெய் அதிகமானால் பேப்பர் குடித்து மறுபக்கம் திட்டு விழும், அதனால் காட்டுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும் அதுதான். வீடியோவில் வருகிற சிவப்பு மஞ்சள் காடு குளிர்நாட்டு இலையுதிர் காலத்துக் காடு. அதைப் பார்க்காமலே வரைகிறவர்கள் இன்னொருவர் படத்தைத்தான் வரைகிறார்கள். நம் சீமைக்கும் ஒரு வண்ணப் பருவம் உண்டு, மாசி பங்குனியில் வரும். இலுப்பை இலை உதிர்த்துச் செம்பு நிறத்தில் தளிர் விடும். அரசந்தளிர் ரோஸும் செம்புமாகப் பளபளக்கும். வேப்பங்கொழுந்து அரக்கு கலந்த சிவப்பு. புங்கை பார்க்கவே கண் கூசுகிற இளம்பச்சை. வாதாமரத்து இலை விழும் முன் ரத்தச் சிவப்பாகும். சித்திரையில் கொன்றை மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும். இத்தனைக்கும் கீழே செம்மண். செம்மண் தரையில் விழுகிற நிழல் கறுப்பாக இருக்காது, உற்றுப் பார்த்தால் ஊதா தெரியும். ஆரஞ்சும் காவியுமாகத் தரையைப் பூசிவிட்டு, அதன் மேல் ஊதாவால் பட்டை பட்டையாக நிழல் இழுத்துப் பாருங்கள், தேய்க்காமல். வெயில் வந்துவிடும்.

எங்கே போய்ப் பார்ப்பது என்றால், கோயில் காடுகள்தான். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஐயனார் கோயிலைச் சுற்றி வெட்டாமல் விட்டுவைத்த காடுகள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன. வீரை, உலக்கைப்பாலை, காசான் என்று வெளியே அருகிப்போன நாட்டு மரங்களை அங்கே பார்க்கலாம். மரங்கள் உயரம் குறைவு, கொடி பின்னிக் கிடக்கும், தண்டு கோணல்மாணல். வரைகிறவர்களுக்கு அந்தக் கோணல்தான் வேண்டும். நடுவே வரிசையாக நிற்கிற மண் குதிரைகள் காவி நிறம், பச்சைக்கு நேர் எதிர். பச்சைக் காட்டுக்குள் ஒரு சிவப்பு எங்கே வைப்பது என்று நாம் யோசிக்கிறோம், குயவர்கள் எப்போதோ வைத்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்குள் போங்கள், வெளிச்சம் சாய்வாக உள்ளே விழும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒரு நோட்டில் இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று மட்டும் பென்சிலில் குறித்துக்கொண்டு வந்து வீட்டில் வரையலாம். ஃபோன் படத்தை அப்படியே நம்ப வேண்டாம், அது நிழலையெல்லாம் கறுப்பாக்கிவிடும்.

ஐப்பசிக்கு மேல் போவதானால் வேட்டங்குடி. பறவைகளுக்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்களே, அதே சரணாலயம்தான். கண்மாய்த் தண்ணீருக்குள் நிற்கிற மரங்கள் மேல் நாரையும் கொக்கும் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். இந்த வெள்ளையைக் கடைசியில் பூசினால் கீழே இருக்கிற பச்சையைக் கிளப்பி அழுக்காகிவிடும். முதலிலேயே பறவை வருகிற இடத்தில் வெள்ளையைத் தடிப்பாக அழுத்தி வைத்துவிட்டு, சுற்றிலும் பச்சையைக் கொண்டுவர வேண்டும். அல்லது கீறி எடுக்கிற முறை. ஒரு பகுதியில் மஞ்சள், வெள்ளை, ரோஸ் என்று வெளிர் நிறங்களைக் கெட்டியாகப் பூசி, மேலே கரும்பச்சையால் முழுசாக மூடிவிட்டு, ஊக்கு முனையாலோ பல்குச்சியாலோ கீறினால் கீழே இருக்கிற வெளிர் நிறம் கோடாக வெளிவரும். புல், கொடி, மெல்லிய கிளை எல்லாவற்றையும் இப்படி எடுக்கலாம். பூசி வரைகிற கோட்டுக்கு இந்தக் கூர்மை வராது. சிலந்தி வலை வரைந்த பிள்ளைகள்கூட உண்டு.

நிறத் தேர்வில் குழப்பம் வந்தால் பீரோவைத் திறந்து ஒரு பழைய கண்டாங்கிச் சேலையை எடுத்துப் பாருங்கள். கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு. இந்த மூன்றோடு ஒரு கரும்பச்சையும் வெள்ளையும் சேர்த்து ஐந்தே குச்சியில் ஒரு காடு வரையுங்கள். 25 குச்சியும் வேலை செய்தால்தான் வண்ணமயம் என்று ஒன்றும் இல்லை. ஒருமுறை சித்தன்னவாசல் போகும்போது விதானத்தில் இருக்கிற தாமரைக் குளத்தை நிதானமாகப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டு ஓவியம், குளம் முழுக்கப் பச்சை இலை, தாமரை, மீன், யானை, பூப்பறிக்கிற ஆட்கள். கைவிட்டு எண்ணிவிடக் கூடிய நிறங்கள்தான், ஒன்றும் ஒன்றோடு குழம்பவில்லை.

கையில் ஒட்டியது சோப்புக்குப் போகாது. ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு அப்புறம் சோப்போ சீயக்காயோ போடுங்கள். வரைகிற இடத்தில் பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள், கீழே உதிர்கிற துணுக்கு காலில் ஒட்டி வளவெல்லாம் வண்ணக் கோலம் போட்டுவிடும்.

முடித்த படம் காயாது என்று சொன்னேன். பத்து வருடம் கழித்து விரல் பட்டாலும் கலையும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும்போது இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். சாக் பேஸ்டலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே இதற்குப் பெரிதாக உதவாது. நன்றாக வந்த படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டுவதுதான் வழி, கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெயில் நாளில் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். முற்றத்து வெயில் விழுகிற சுவரில் மாட்ட வேண்டாம், பள்ளிக்கூடத் தரத்துக் குச்சிகளில் ரோஸும் ஊதாவும்தான் முதலில் வெளுக்கும். ஃபிரேமுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ரவி வர்மா படங்கள் மாட்டியிருந்த தேக்குச் சட்டங்கள் தனியாகவே கிடைக்கும். உள்பள்ளம் ஆழமாக இருப்பதால் மவுண்ட் வைக்க வாகாக இருக்கும். வாங்கும்போது திருப்பிப் பார்த்து, பின்பலகையைச் செல் அரித்திருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பார்த்துவிடுங்கள்.